எண்ணை அழுத்திய பின் ஏன் இந்தக் காத்திருப்பு? பாலக்கோடு வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பாலக்கோட்டில் தக்காளி கமிஷன் மண்டி நடத்துகிறோம். பழைய கம்பித் தொலைபேசி அடிக்கடி பழுதானதால் இணையத் தொலைபேசிச் சேவையில் ஓர் எண் வாங்கினோம். நண்பர் கொடுத்த லிங்சிஸ் எஸ்பிஏ வகை அடாப்டரில் பழைய பட்டன் போன்கள் இரண்டை மாட்டியிருக்கிறோம். கைபேசி எண்ணை அப்படியே அழுத்தினால் பத்து வினாடி வரை சத்தமே இல்லை, பிறகு விட்டுவிட்டு ஓர் ஓசை வருகிறது. முன்னால் 0 சேர்த்தால் சற்றுத் தாமதித்துப் போகிறது. உள்ளூர் ஆறு இலக்க எண்கள் போவதே இல்லை. அக்கா மகன் ஏதோ ஒரு நேர அளவை 3 என்பதிலிருந்து 1 என்று குறைத்து வைத்தான். அதிலிருந்து என் அப்பா 0 அழுத்திவிட்டு நோட்டைப் பார்ப்பதற்குள் லைன் போய்விடுகிறது. சில நாள் காலையில் முதல் அழைப்புக்கு அரை நிமிடம் ஆகிறது. கடைக் கேமரா ஓடும்போது பேச்சும் பிந்திக் கேட்கிறது. ஏல நேரத்தில் கோயம்பேட்டுக்கும் பெங்களூருக்கும் விலை சொல்ல வேண்டிய எங்களுக்கு இது கட்டுப்படியாகாது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். வேகத்தைக் கூட்ட வேண்டாம். அதற்காக மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டினாலும், நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும். உங்கள் கடிதத்தில் மூன்று தாமதங்கள் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. நீங்கள் எண்ணை அழுத்தி முடித்துவிட்டீர்கள் என்பது அடாப்டருக்குத் தெரியாததால் வருவது முதல் தாமதம். எண்ணை அனுப்பிய பிறகு சேவை நிறுவனத்தின் சர்வரிடமிருந்து பதில் வராததால் ஏற்படுவது இரண்டாவது. பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும் நேரம் மூன்றாவது. காரணங்கள் வேறு வேறாக இருப்பதால் மருந்தும் வேறு வேறாகத்தான் இருக்கும். இவற்றுள் முதலாவதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். உங்கள் மண்டியில் ஒவ்வோர் அழைப்பிலும் நேரத்தைத் தின்பது அதுதான். அதைவிட முக்கியமாக, ஆபத்து வேளையில் உங்களைக் கைவிடக் கூடியதும் அதுதான்.

கம்பி வழித் தொலைபேசியில் நீங்கள் அழுத்தும் ஒவ்வோர் இலக்கமும் அப்போதைக்கப்போது இணைப்பகத்துக்குப் போய்விடும். எந்த எண் எத்தனை இலக்கத்தில் முடியும் என்பது இணைப்பகத்துக்குத் தெரியும் என்பதால், கடைசி இலக்கம் விழுந்ததும் அது வேலையைத் தொடங்கிவிடும். இணையத் தொலைபேசியில் அடாப்டர்தான் இலக்கங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முழு எண்ணையும் ஒரே செய்தியாகச் சர்வருக்கு அனுப்புகிறது. எண் எப்போது முழுமையடைகிறது என்று அது தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்துக்கு அதற்குக் கொடுக்கப்படும் விதிகளின் தொகுப்பையே டயல் பிளான் என்கிறோம். விதியில் தெளிவு இருந்தால் கடைசி இலக்கத்தோடு அழைப்பு கிளம்பிவிடும். தெளிவு இல்லையென்றால், இன்னும் ஏதாவது அழுத்துவாரோ என்று அடாப்டர் காத்திருக்கும்.

இதை உறுதி செய்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. பெரும்பாலான அடாப்டர்களில் எண்ணின் முடிவில் # பொத்தானை அழுத்தினால், எண் முடிந்தது என்று பொருள். உங்கள் கைபேசி எண்ணை முன்னால் 0 சேர்த்து அழுத்தி, இறுதியில் # அழுத்திப் பாருங்கள். கைபேசி சட்டென ஒலித்தால், நீங்கள் இதுவரை காத்திருந்த வினாடிகள் டயல் பிளானில் வீணானவை. # அழுத்திய பிறகும் அதே தாமதம் இருந்தால் மட்டும் சர்வர் பக்கம் பார்க்க வேண்டும். பெங்களூருக்கோ சென்னைக்கோ அழைக்கும்போது மறுமுனை வலைப்பின்னல் அந்த எண்ணைத் தேடிப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் சில வினாடிகள் எப்போதும் இருக்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.721 பரிந்துரையே வெளியூர் அழைப்புக்குச் சராசரியாக 5 வினாடி வரை ஏற்கத்தக்கது என்கிறது. அந்தப் பகுதியை நீங்களோ நானோ குறைக்க முடியாது.

இனி உங்கள் அடாப்டருக்குள் நடப்பதைச் சொல்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட வகைக் கருவிகள் ஆலையிலிருந்து வரும்போது வட அமெரிக்க எண் முறைக்கான டயல் பிளானோடு வருகின்றன. சேவை நிறுவனமே கருவியைக் கொடுத்திருந்தால் அதை மாற்றித் தந்திருப்பார்கள். நண்பரிடமிருந்து வந்த கருவியாதலால் ஆலை விதிகளே இன்னும் உள்ளன என்று உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகள் காட்டுகின்றன. அந்த விதிகளில் தனி 0 ஒரு முழு எண். அங்கே அது ஆபரேட்டரை அழைக்கும் எண். 2 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கும் ஏழு இலக்கம் உள்ளூர் எண். 1 சேர்த்த பதினோரு இலக்கம் வெளியூர் எண். இவற்றில் அடங்காத எதுவும் குறைந்தது பதினோரு இலக்கம் இருந்தால்தான் எண்ணாகவே கருதப்படும்.

இதோடு இரண்டு கடிகாரங்கள் சேர்கின்றன. அழுத்தியவரை எந்த விதியும் நிறைவடையாத நிலையில் அடுத்த இலக்கத்துக்காகக் காத்திருப்பது நீண்ட கடிகாரம். ஆலையில் 10 வினாடி. ஏதோ ஒரு விதி நிறைவடைந்துவிட்டது, ஆனால் மேலும் அழுத்தினால் வேறொரு விதிக்கும் பொருந்தக்கூடும் என்ற நிலையில் காத்திருப்பது குறுகிய கடிகாரம்; ஆலையில் 3 வினாடி.

இப்போது உங்கள் அறிகுறிகளைப் பொருத்திப் பாருங்கள். கைபேசி எண்ணை 0 இல்லாமல் அழுத்தினால் பத்து இலக்கம். அது ஏழைத் தாண்டிவிட்டது, பதினொன்றை எட்டவில்லை. ஆகவே அடாப்டர் 10 வினாடி காத்திருந்துவிட்டு, இது எண்ணே இல்லை என்று மறுப்பு ஓசை எழுப்புகிறது. நீங்கள் சொன்ன விட்டுவிட்டு வரும் ஓசை அதுதான். அழைப்பு உங்கள் கடையை விட்டு வெளியே போகவேயில்லை. முன்னால் 0 சேர்த்தால் பதினோரு இலக்கம் ஆகிவிடுகிறது. ஆனால் அந்தப் பொது விதிக்கு முடிவு இல்லாததால் 3 வினாடி காத்திருந்து அனுப்புகிறது. பாலக்கோட்டின் ஆறு இலக்க எண்ணோ ஏழு இலக்கத்தில் ஒன்று குறைவு. அதற்கு வழியே இல்லை. 1800 425 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்கள் மட்டும் உங்களுக்குச் சட்டென்று கிடைத்திருக்கும். பதினோரு இலக்கமும் தற்செயலாக அமெரிக்க வெளியூர் எண்ணின் வடிவத்தில் அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

உங்கள் தகப்பனாருக்கு நேர்வதும் இதே கணக்குத்தான். அவர் 0 அழுத்திய அந்தக் கணத்திலேயே ஒரு விதி நிறைவடைந்துவிடுகிறது. குறுகிய கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முன்பு 3 வினாடி இருந்ததால், நோட்டில் பெயரைக் கண்டுபிடித்து அடுத்த இலக்கத்தை அழுத்த அவருக்கு அவகாசம் இருந்தது. மருமகன் அதை 1 ஆக்கியதும் அந்த அவகாசம் போய்விட்டது. வெறும் 0 மட்டும் சர்வருக்குப் போய், அங்கே அப்படி ஓர் எண் இல்லாததால் அழைப்பு முறிகிறது. மருமகன் நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆனால் நேரத்தைக் குறைப்பது நிதானமாக அழுத்துகிறவர்களைத் தண்டிக்கும் வழி. வயதானவர்களும், ஒரு கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எண் அழுத்துகிறவர்களும் இருக்கும் கடையில் அந்த அளவுகளைக் குறைக்கவே கூடாது. குறுகிய கடிகாரத்தை 3-க்கும் நீண்ட கடிகாரத்தை 10-க்கும் முதலில் திருப்பி வையுங்கள்.

இதைவிடக் கவலைக்குரிய ஒன்றை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஆலை விதிகளில் 911 உண்டு. 108 இல்லை, 112 இல்லை, 100, 101 எதுவும் இல்லை. இப்போதைய நிலையில் உங்கள் மண்டியில் ஒருவர் மயங்கி விழுந்து, பதறிப்போய் யாரோ அந்தப் போனில் 108 அழுத்தினால், பத்து வினாடி மௌனத்துக்குப் பிறகு மறுப்பு ஓசைதான் வரும். தொப்பூர் கணவாய் வழியாக லாரிகளை அனுப்புகிற உங்களைப் போன்றவர்களின் கடைப் போனில் 108 உடனே போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ம் போக வேண்டும். மற்ற மாற்றங்களை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டாலும், இந்த ஒன்றை இன்றே செய்துவிடுங்கள்.

விதிகளை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். போனை எடுத்து **** என்று நான்கு முறை அழுத்தி, பிறகு 110# என்று அழுத்தினால், அடாப்டர் தன் இணைய முகவரியை இலக்கம் இலக்கமாகச் சொல்லும். அதே ரவுட்டரில் இணைந்துள்ள கணினியின் பிரவுசரில் அந்த முகவரியைக் கொடுத்து, நிர்வாகிக்கான நுழைவு வழியாக மேம்பட்ட அமைப்புகளுக்குள் போங்கள். வாய்ஸ் பகுதியில் லைன் 1 என்ற பக்கத்தின் அடியில் டயல் பிளான் பெட்டி இருக்கும். இரண்டாவது போனுக்கு லைன் 2 பக்கத்தில் தனியாக இருக்கும். நேர அளவுகள் ரீஜனல் என்ற பக்கத்தில் உள்ளன. எதையும் தொடும் முன் பெட்டியில் உள்ள வரியை அப்படியே நகலெடுத்து ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் ஓர் எண்ணும் போகாது என்பதால், திரும்பி வர ஒரு வழி கையில் இருக்க வேண்டும்.

இந்த வகைக் கருவியில் முழு டயல் பிளானும் வளைந்த அடைப்புக்குறிக்குள் அமையும். ஒரு விதிக்கும் அடுத்த விதிக்கும் நடுவே நிமிர்ந்த கோடு வரும். ஆங்கிலச் சிறிய எழுத்து எக்ஸ் எந்த ஓர் இலக்கத்தையும் குறிக்கும். சதுர அடைப்புக்குள் 6-9 என்று எழுதினால் 6 முதல் 9 வரை ஏதேனும் ஒன்று. கோண அடைப்புக்குள் முக்காற்புள்ளியின் இடப்பக்கம் அழுத்தியது, வலப்பக்கம் அதற்குப் பதிலாக அனுப்ப வேண்டியது; இடப்பக்கம் காலியாக இருந்தால், வலப்பக்கம் உள்ளது எண்ணின் முன்னால் சேர்க்கப்படும். விதியின் இறுதியில் பெரிய எழுத்து எஸ், அதை ஒட்டி 0 என்று எழுதினால், விதி நிறைவடைந்ததும் ஒரு கணமும் காத்திராமல் அனுப்பு என்று பொருள். இந்தக் கடைசிக் குறியை இனி உடனடிக் குறி என்று சொல்கிறேன்.

நம் நாட்டு எண் முறை இந்த வேலைக்கு மிகவும் இணக்கமானது. முன்னால் வரும் 0-வை நீக்கிவிட்டால் எந்த ஊர் எண்ணும் பத்து இலக்கம்தான். சென்னைக்கு 44-ம் எட்டு இலக்கமும், சேலத்துக்கு 427-ம் ஏழு இலக்கமும், தருமபுரிக்கு 4342-ம் ஆறு இலக்கமும். கிருஷ்ணகிரியின் 4343, ஓசூரின் 4344, அரூரின் 4346, உங்கள் 4348 எல்லாம் இதே கணக்கு. கைபேசி எண்ணும் பத்து. 2021 ஜனவரி 15 முதல் நிலைத் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்க 0 சேர்க்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருப்பதால், ஊர் எண்ணும் கைபேசியும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. எனவே 0, அடுத்துச் சதுர அடைப்புக்குள் 1-9, அடுத்து ஒன்பது எக்ஸ், இறுதியில் உடனடிக் குறி என்ற ஒரே விதி, இந்தியா முழுவதற்கும் உங்கள் தாமதத்தை நீக்கிவிடும். பதினோராவது இலக்கம் விழுந்ததும் அழைப்பு கிளம்பும். தனி 0 என்ற விதியை அடியோடு எடுத்துவிடுங்கள். அதன் பிறகு உங்கள் தகப்பனார் 0 அழுத்திவிட்டு ஆற அமர நோட்டைப் பார்க்கலாம்.

0 சேர்க்க மறந்து அழுத்தும் கைபேசி எண்களுக்கு இன்னொரு விதி வேண்டும். கோண அடைப்புக்குள் முக்காற்புள்ளியும் 0-வும், அடுத்துச் சதுர அடைப்புக்குள் 6-9, அடுத்து ஒன்பது எக்ஸ், உடனடிக் குறி. அடாப்டரே 0 சேர்த்து அனுப்பிவிடும். உள்ளூர் எண்ணுக்கு, கோண அடைப்புக்குள் முக்காற்புள்ளியும் 04348-ம், அடுத்து 2, அடுத்து ஐந்து எக்ஸ், உடனடிக் குறி. எண்ணை எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் உங்கள் சேவை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். 0 சேர்த்து வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு, 91 சேர்த்துக் கேட்கிறவர்களும் உண்டு. 91 வேண்டும் என்றால், முதல் விதியின் 0-வைக் கோண அடைப்புக்குள் வைத்து 91 ஆக மாற்றச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டிலும் முறையே 91, 914348 என்று சேர்க்க வேண்டும்.

மண்டிக்கும் குடோனுக்கும் இடையே பேசிக்கொள்ளச் சிறிய உள் எண்கள் வைக்கும் எண்ணம் இருந்தால், அவற்றை 2-இல் தொடங்காதீர்கள். 201 என்று ஓர் உள் எண்ணும் 201 என்று தொடங்கும் உள்ளூர் எண்ணும் ஒன்றையொன்று மறிக்கும். அடாப்டர் மறுபடியும் காத்திருக்கத் தொடங்கும். 5-இல் தொடங்கினால் மேலே சொன்ன எந்த விதியோடும் மோதாது.

அவசர எண்களை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றின் இறுதியிலும் உடனடிக் குறியைச் சேர்த்துவிடுங்கள். 100, 101, 102, 104, 108, 112, 181 என்பவை மூன்று இலக்கம். 1033, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, குழந்தைகளுக்கான 1098, முதல்வர் உதவி மையத்தின் 1100, இணைய மோசடிக்கான 1930, கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 ஆகியவை நான்கு இலக்கம். இவை ஒன்றோடொன்று மோதுவதில்லை. சுருக்கமாக இருக்கட்டும் என்று 1, அடுத்து மூன்று எக்ஸ், உடனடிக் குறி என ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். அப்படி எழுதினால் 1800 என்று நான்கு இலக்கம் அழுத்தியதுமே அந்த விதி நிறைவடைந்து, வெறும் 1800 போய்விடும். விதைக் கம்பெனி, வங்கி, காப்பீடு என்று உங்களுக்குத் தேவைப்படும் கட்டணமில்லா எண்கள் அத்தனையும் அறுந்துபோகும்.

அந்த 1800 எண்கள்தான் நம் முறையில் நீளம் மாறும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பத்து இலக்கத்தில் முடிவனவும் உண்டு, விவசாயிகள் அழைப்பு மையத்தின் 1800 180 1551 போலப் பதினொன்றில் முடிவனவும் உண்டு. எனவே 1800-ஐ அடுத்து ஆறு எக்ஸ் என்று உடனடிக் குறி இல்லாமல் ஒரு விதியும், 1800-ஐ அடுத்து ஏழு எக்ஸ், உடனடிக் குறி என்று இன்னொரு விதியும் எழுதுங்கள். பத்து இலக்க எண்ணுக்கு மட்டும் 3 வினாடி காத்திருப்பு இருக்கும். அந்த இடத்தில் அது நியாயமான காத்திருப்பு. 1860 எண்களுக்கும் இப்படியே செய்யலாம்.

எந்த எண்ணும் விட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று கடைசியில் எக்ஸ், புள்ளி என ஒரு பொது விதியைச் சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புள்ளி என்பது முந்தைய இலக்கம் எத்தனை முறையும் வரலாம் என்று பொருள்படும். அதைச் சேர்த்த உடனே, அழுத்தும் ஒவ்வோர் இலக்கமும் ஏதோ ஒரு முழு எண்ணாகிவிடும். நடு எண்ணில் 3 வினாடி நிறுத்தினால் பாதி எண் போய்விடும். உங்கள் தகப்பனாரின் தொல்லை மறு உருவத்தில் திரும்பி வரும்.

வெளிநாட்டு அழைப்பு உங்களுக்குத் தேவையில்லை என்றால் 00-க்கு விதியே எழுதாதீர்கள். தேவை என்றால், வெளிநாட்டு எண்களின் நீளம் நாட்டுக்கு நாடு மாறும், நாட்டுக் குறியீடும் சேர்ந்து 15 இலக்கம் வரை போகலாம் என்பதால், அங்கே மட்டும் காத்திருப்பையோ # பொத்தானையோ தவிர்க்க முடியாது. ஆனால் அடாப்டரில் விதி இல்லை என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் கணக்கின் கடவுச்சொல் வெளியாருக்குக் கிடைத்தால், அவர்கள் உங்கள் அடாப்டரைத் தொடாமலேயே வெளிநாடுகளுக்கு அழைத்து உங்கள் பணத்தைத் தீர்த்துவிட முடியும். ஐஎஸ்டி வசதியைச் சேவை நிறுவனத்திடமே எழுத்து மூலமாக நிறுத்தச் சொல்லுங்கள். அடாப்டரின் நிர்வாகிக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களிடம் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி வகை அடாப்டர் இருந்தால், தத்துவம் ஒன்றே, எழுத்து மட்டும் சற்று வேறு. அங்கே விதிகள் நெளிந்த அடைப்புக்குறிக்குள் அமையும். முன்னால் சேர்க்க வேண்டியதைக் கோண அடைப்புக்குள் சமக்குறியோடு எழுத வேண்டும். ஆலை விதியில் எக்ஸ், கூட்டல் குறி என்ற பொது விதி இருப்பதால் எல்லா எண்ணுக்கும் 4 வினாடி காத்திருக்கும். அதை நீக்கிவிட்டு நீளம் வரையறுத்த விதிகளை எழுதினால் காத்திருப்பு போய்விடும். முகவரியை அறிய *** அழுத்தி, பிறகு 02 அழுத்த வேண்டும்.

அடுத்து, காலையில் அரை நிமிடம் ஆகும் முதல் அழைப்பு. அரை நிமிடம் என்று படித்ததும் எனக்கு 32 வினாடி என்ற கணக்கு நினைவுக்கு வந்தது. இணையத் தொலைபேசிகள் பேசும் எஸ்ஐபி என்ற நெறிமுறையை 2002-இல் வெளியான ஆர்எஃப்சி 3261 வரையறுக்கிறது. அதன்படி அழைப்புச் செய்திக்குப் பதில் வராவிட்டால், அடாப்டர் அரை வினாடியில் மீண்டும் அனுப்பும். பிறகு இடைவெளியை 1, 2, 4, 8, 16 வினாடி என இரட்டித்துக்கொண்டே போகும். 32 வினாடி ஆனதும்தான் அந்தச் சர்வரைக் கைவிடும். உங்கள் கணக்கில் இரண்டு சர்வர் முகவரிகள் இருந்து, முதலாவது செயலிழந்ததாக இருந்தால், அடாப்டர் அந்த 32 வினாடியையும் தீர்த்துவிட்டு இரண்டாவதற்குப் போகும். லைன் 1 பக்கத்தில் சர்வர் முகவரியை எழுதும் பிராக்ஸி, அவுட்பவுண்ட் பிராக்ஸி என்ற இரு பெட்டிகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சேவை நிறுவனம் இப்போது தரும் முகவரி தவிர வேறு எதுவும் அங்கே இருக்கக் கூடாது; நண்பர் பயன்படுத்திய பழைய நிறுவனத்தின் முகவரி ஒரு மூலையில் தங்கியிருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதுவும் சரியாக இருந்தால், சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முகவரிகளைப் பாருங்கள். முதல் டிஎன்எஸ் பதிலளிக்காமல் இரண்டாவதைக் கேட்க வேண்டி வந்தாலும் சில வினாடிகள் போகும். இரவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போகிறீர்கள் என்றால், காலையில் அடாப்டர் எல்லாப் பெயர்களையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். முதல் அழைப்பில் மட்டும் தாமதம் தெரிவதற்கு அது பொருந்துகிறது. அடாப்டரையும் ரவுட்டரையும் இரவில் அணைக்காமல் விட்டுப் பாருங்கள்.

பேச்சு பிந்திக் கேட்பதற்கு உங்கள் கேமராதான் காரணம் என்பதை நீங்களே கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டீர்கள். குரலை இணையத்தில் அனுப்பும் வடிவங்களில் ஒன்றான ஜி.711 முறையில் ஒரு பேச்சுக்கு, மேல் உறைத் தகவலும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் வினாடிக்குச் சுமார் 80 கிலோபிட் போதும். வினாடிக்கு 50 சிறு பொட்டலங்களாக அது போகிறது. கேமரா தன் படத்தை இடைவிடாமல் மேலேற்றும்போது, ரவுட்டரின் வாசலில் வரிசை நீண்டு, இந்தச் சிறு பொட்டலங்கள் பெரிய படப் பொட்டலங்களின் பின்னால் நிற்கின்றன. ஒருவர் பேசியது மறுமுனையில் 150 மில்லி வினாடிக்குள் கேட்டால் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டிப் போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, விலை சொல்வதில் குழப்பம் வரும். கேமராவை நிறுத்திவிட்டு ஒரு முறை பேசிப் பாருங்கள். சரியாக இருந்தால் கேமராவின் மேலேற்ற அளவைக் குறைத்து வையுங்கள், அல்லது ரவுட்டரில் அடாப்டருக்கு முன்னுரிமை கொடுங்கள். அடாப்டர் வைஃபை வழியாக இல்லாமல் கேபிளில் நேரடியாக ரவுட்டரில் இணைந்திருக்கட்டும். குரல் முறையில் ஜி.711-இன் ஏ வகையை முதலில் வையுங்கள். இந்திய வலைப்பின்னல் அதைத்தான் பயன்படுத்துகிறது.

மின்தடை உள்ள ஊர்களில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்து வந்தது. இப்போது ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் ஆகிய மூன்றில் எது அணைந்தாலும் போன் ஊமையாகிவிடும். ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் மூன்றையும் சேர்த்து மாட்டுங்கள். அப்படியிருந்தும் மண்டியில் ஒரு கைபேசி எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். கடைப் போனிலிருந்து 108-க்குப் பேசும்போது ஊர், தெரு, அடையாளம் ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். அழைப்பவர் இருக்கும் இடத்தை இணையத் தொலைபேசி தானாகத் தெரிவித்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

விதிகளை மாற்றிச் சேமித்ததும் அடாப்டர் ஒரு முறை தானே அணைந்து எழும். பிறகு 0 சேர்த்த கைபேசி எண், 0 சேர்க்காத கைபேசி எண், பக்கத்துக் கடையின் ஆறு இலக்க எண், பெங்களூரின் 080 எண், ஒரு 1800 எண் ஆகியவற்றை அழைத்துப் பாருங்கள். உங்கள் தகப்பனாரையும் அவருடைய வேகத்தில், நோட்டைப் பார்த்து ஓர் எண் அழுத்தச் சொல்லுங்கள். 108-ஐச் சோதனைக்காக அழைத்து அவர்களின் லைனை அடைக்க வேண்டாம். உங்கள் கணக்கிலிருந்து எந்தெந்த அவசர எண்கள் போகும் என்று சேவை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்து அரை நிமிடம் இதற்குப் பிறகும் நீங்கவில்லை என்றால், அந்த அழைப்பு செய்த நேரத்தையும், அடாப்டரின் இன்ஃபோ பக்கத்தில் லைன் 1-இன் பதிவு நிலை அப்போது என்ன காட்டியது என்பதையும், இரண்டு பிராக்ஸி பெட்டிகளில் உள்ளதையும் குறித்து எனக்கு எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டாம்.